நிலத்தின் நிறத்தை மாற்றும் முன்: நகர் ஊரமைப்புத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நகர் ஊரமைப்புத் துறை அதிகாரிகளுக்கும், முழுமைத் திட்ட வரைவுகளைப் பரிசீலிக்கும் உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கும்,

வணக்கம்.

தமிழ்நாட்டின் சிறு நகரங்களுக்கும் அவற்றைச் சுற்றியுள்ள ஊராட்சிகளுக்கும், எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் முழுமைத் திட்டங்கள் (மாஸ்டர் பிளான்) எழுதப்படுகின்றன, பழைய திட்டங்கள் திருத்தப்படுகின்றன. ஒரு பேரூராட்சியை ஒட்டி, கண்மாய்ப் பாசனத்துக்குக் கீழே இருக்கும் ஊரில் குடியிருக்கிறவன் நான். எங்கள் ஊர்ப் பெயரை இந்த மடலில் எழுதவில்லை. இது ஓர் ஊரின் தகராறு என்று யாரும் சுருக்கிவிடக் கூடாது; பக்கத்து வட்டத்தில் கேட்டாலும் இதே கவலையைத்தான் சொல்வார்கள்.

நாங்கள் கேட்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு நிலத்தை விவசாய வகைப்பாட்டிலிருந்து குடியிருப்பாகவோ, வணிகமாகவோ, தொழிற்சாலையாகவோ மாற்றும் முன், அந்த நிலத்தின் வழியாகத் தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று நேரில் பாருங்கள். அந்தத் தண்ணீர் வழியில் இருக்கிற எல்லோரையும் கேளுங்கள். இன்றைக்கு உங்கள் கோப்பில் இருப்பது விண்ணப்பம் போட்டவரின் பெயரும் புல எண்ணும் (சர்வே எண்) மட்டும்தான்.

1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் உங்களுக்குப் பெரிய அதிகாரம் தந்திருக்கிறது. எந்த நிலம் எதற்குப் பயன்பட வேண்டும் என்று திட்டம் சொன்னால், அதற்கு மாறாக அங்கே எதுவும் எழ முடியாது. திட்டம் இல்லாத பகுதிகளில்கூட விவசாய நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற 2017-இல் தனி விதிகள் வந்துவிட்டன. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை போட்டதிலிருந்து உங்கள் கையெழுத்தின் மதிப்பு இன்னும் கூடிவிட்டது. அந்தத் தடை வந்ததில் எங்களுக்கு மகிழ்ச்சிதான். வாய்க்காலை மூடி மனை போட்டு விற்றுவிட்டுப் போனவர்களை அதற்கு முன்பு நிறையப் பார்த்தவர்கள் நாங்கள்.

ஆனால் அதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 'டிடிசிபி அப்ரூவ்டு', அதாவது உங்கள் துறையின் அங்கீகாரம் பெற்றது, என்று பலகையில் எழுதியிருந்தால், வெளிநாட்டில் வேலை பார்த்துச் சேர்த்த காசோடு வருகிறவர், நகையை அடகு வைத்து முன்பணம் கட்டுகிற செவிலியர், எல்லோரும் அதை எப்படிப் படிக்கிறார்கள் தெரியுமா? அரசாங்கம் வந்து பார்த்திருக்கிறது, இது வீடு கட்டத் தகுந்த இடம் என்றுதான் படிக்கிறார்கள். மழைக்காலத்தில் அங்கே இடுப்பளவு தண்ணீர் நிற்கும் என்று உள்ளூர்க்காரருக்குத் தெரியும். வெளியூரிலிருந்து வந்து வாங்குகிறவருக்கு உங்கள் முத்திரையை விட்டால் வேறு துணை இல்லை. ஆகவே நாங்கள் பேசுவது விவசாயிக்காக மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். நாளைக்கு அந்த மனையில் வீடு கட்டப் போகிறவரும் எங்கள் ஊர்க்காரர்தான்.

சரி, கண்மாய்க்குக் கீழே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். அலுவலகத்தில் உட்கார்ந்து பார்க்கும் வரைபடத்தில் இது தெரியாது.

எங்கள் பக்கத்து ஆயக்கட்டில், அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் வயல்பரப்பில், ஒவ்வொரு வயலுக்கும் தனி வாய்க்கால் கிடையாது. கண்மாயின் மடையைத் திறந்தால் தண்ணீர் வாய்க்காலில் கொஞ்ச தூரம் வரும், அப்புறம் வயலுக்கு வயல் பாயும். மேல் வயல் நிறைந்து வரப்பில் வெட்டிவிட்ட வாய் வழியாக அடுத்த வயலுக்கு இறங்கும். யார் வயலுக்கு எப்போது, எவ்வளவு நேரம் என்பதை நீர்ப்பாய்ச்சி பார்த்துக்கொள்வார். மழை அதிகமானால் அதே வழியில்தான் உபரி நீரும் வடிந்து கீழ்க் கண்மாய்க்குப் போகும். இந்த வரப்பு வாய்கள் உங்கள் புலப்படத்தில் இருக்காது. அவை பட்டா நிலத்துக்குள்ளேயே இருக்கின்றன. புறம்போக்கு வாய்க்காலை ஆக்கிரமித்தால் வட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். பட்டா நிலத்துக்குள் ஓடிய தண்ணீருக்கு எந்தப் பதிவேடும் இல்லை.

இப்படி ஓர் ஆயக்கட்டின் நடுவில் இரண்டு ஏக்கர் மனையாக மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் வேலை மண் அடிப்பது. லாரி லாரியாகக் கிராவல் கொண்டுவந்து கொட்டி, சுற்றியிருக்கும் வயல் மட்டத்தைவிட இரண்டடி, மூன்றடி உயர்த்துவார்கள். சாலை போடுவார்கள், கல் நடுவார்கள். எல்லாம் விதிப்படிதான். கீழே இருக்கிற வயலுக்கு அந்த வருஷமே தண்ணீர் வராது. மேலே இருக்கிற வயலில் ஐப்பசி மழைத் தண்ணீர் வடிய வழியில்லாமல் நின்று பயிர் அழுகும். ஒரு பக்கம் வறட்சி, ஒரு பக்கம் மூழ்கல். இரண்டுக்கும் காரணம் அந்த நடு மேடு.

அப்புறம் நடப்பதைத்தான் நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். கீழ் வயல்காரர் ஒரு வருஷம் பார்ப்பார், இரண்டு வருஷம் பார்ப்பார். போட்ட விதை திரும்ப வரவில்லை என்றால் உழுவதை நிறுத்திவிடுவார். கிராமச் சாகுபடிக் கணக்கான அடங்கலில் 'தரிசு' என்று ஏறும். சில வருஷம் கழித்து ஆய்வுக்கு வருகிறவர் அந்த அடங்கலைப் பார்த்துவிட்டு, 'இங்கே சாகுபடி இல்லை, பாசன வசதி இல்லை, சுற்றிலும் மனைகள் இருக்கின்றன' என்று எழுதுவார். அவர் எழுதுவது ஒவ்வொன்றும் உண்மை. அந்த உண்மையை உண்டாக்கியது முதல் இரண்டு ஏக்கருக்குக் கொடுத்த அனுமதி. அதைச் சாட்சியாக வைத்து அடுத்த இரண்டு ஏக்கருக்கும் அனுமதி கிடைக்கும். இப்படியே மடை வரைக்கும் போய்விடும். யாரும் சட்டத்தை மீறவில்லை. ஆனால் ஓர் ஆயக்கட்டு முழுவதும் போய்விட்டது.

புல எண் புல எண்ணாக வகைப்பாடு மாற்றுவதை நாங்கள் எதிர்ப்பதற்குக் காரணம் இதுதான். ஒரு மேசையில் ஒரு கோப்பு வரும்போது அது சின்ன நிலமாகத்தான் தெரியும். பாசனம் ஓர் ஆயக்கட்டு அளவில் ஓடுகிறது. முடிவும் அந்த அளவில்தான் எடுக்கப்பட வேண்டும்.

இன்னொன்று. அரசு ஒருவரின் நிலத்தைக் கையகப்படுத்த வேண்டுமானால் 2013-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம் இருக்கிறது. சமூகத் தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும், பொது விசாரணை நடத்த வேண்டும், பாசன வசதியுள்ள பல போக நிலத்தை வேறு வழியே இல்லை என்றால்தான் தொட வேண்டும் என்று அது சொல்கிறது. விதிவிலக்குகள் பல உண்டு, தெரியும். ஆனாலும் நிலத்தை இழப்பவர் மட்டுமல்ல, அந்த நிலத்தில் கூலிக்குப் போகிறவரும் பாதிக்கப்பட்டவர்தான் என்று ஏற்றுக்கொண்ட சட்டம் அது. அதே நிலத்தைக் கையகப்படுத்தாமல் வரைபடத்தில் விவசாயப் பச்சையைக் குடியிருப்பு மஞ்சளாக மாற்றினால் மட்டும் எந்த மதிப்பீடும் வேண்டாமா? கூலிக்காரருக்கு வேலை போவது இரண்டிலும் ஒன்றுதானே!

பட்டாவில் பெயர் இல்லாதவர்களைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் எந்த ஆட்சேப மனுவிலும் அவர்கள் பெயர் வராது. எங்கள் பகுதி நிலத்தில் கணிசமானது வாய்மொழிக் குத்தகையில்தான் ஓடுகிறது. உரிமையாளர் மதுரையிலோ சென்னையிலோ இருப்பார். அவருக்கு வகைப்பாடு மாறினால் லாபம். உழுகிறவருக்குக் காகிதமே கிடையாது. அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக் கிடை போடும் கீதாரிகள் (மேய்ப்பர்கள்) இருக்கிறார்கள். ஆடு மேய்ந்த மாதிரியும் ஆச்சு, வயலுக்கு எரு கிடைத்த மாதிரியும் ஆச்சு என்று இரண்டு பக்கமும் பிழைத்த ஏற்பாடு அது. மேய்ச்சல் நிலம் சுருங்கச் சுருங்க அவர்கள் வருஷா வருஷம் வேறு திசையில் போகிறார்கள். நாற்று நடவும் களை எடுக்கவும் போகிற பெண்கள் இருக்கிறார்கள். இவர்களில் யாரிடமும் எந்த அலுவலகமும் ஒரு கேள்வி கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று நடைமுறையும் இல்லை.

நடைமுறை என்றால், அறிவிப்பு அரசிதழில் வரும், நாளிதழின் உள்பக்கத்தில் ஒரு கட்டத்துக்குள் பொடி எழுத்தில் வரும். கிராமத்தின் பெயரும் புல எண்களும் உட்பிரிவு எண்களும் வரிசையாக இருக்கும். 'கோயில் மடைக்குக் கீழே கிழக்கு வயல்' என்று ஊரில் சொன்னால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். புல எண்ணைச் சொன்னால் கிராம நிர்வாக அலுவலரை விட்டால் வேறு யாருக்கும் தெரியாது. ஆட்சேபம் தெரிவிக்கக் காலக்கெடு ஓடிக்கொண்டிருக்கும். அது முடிந்தபிறகு மண் லாரி வரும்போதுதான் ஊருக்குச் செய்தியே எட்டும். 'அப்போதே ஏன் சொல்லவில்லை?' என்று எங்களைக் கேட்பது நியாயமில்லை.

வரைபடங்கள் இப்போது செயற்கைக்கோள் படத்தை வைத்துத் தயாராகின்றன. நல்ல முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் படம் எந்த மாதத்தில் எடுத்தது என்பதைப் பொறுத்துத்தான் எங்கள் ஊர் இருக்கும். தை அறுப்பு முடிந்தால் அடுத்த மழை வரைக்கும் எங்கள் நஞ்சையும் காய்ந்துதான் கிடக்கும். சித்திரையில் எடுத்த படத்தில் கண்மாய் ஒரு கருவேலங்காடாகத் தெரியும், வயல் தரிசாகத் தெரியும். மானாவாரிப் புஞ்சை கேட்கவே வேண்டாம். ஒரு போகம் விளைகிற பூமியை அதன் ஓய்வுக் காலத்தில் படம் பிடித்து, இது பயனில்லாத நிலம் என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

டெல்டாவுக்குப் பாதுகாப்பு இருக்கிறதே என்று சிலர் சொல்கிறார்கள். 2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பகுதிகளுக்கும் புதுக்கோட்டை, கடலூர் மாவட்டங்களின் சில வட்டாரங்களுக்கும் பொருந்தும். ஹைட்ரோகார்பன், துத்தநாக உருக்காலை, செம்பு உருக்காலை போன்றவற்றை அது தடுக்கிறது. அதற்காகப் போராடியவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அந்தத் தடைப் பட்டியலில் மனைப்பிரிவு இல்லை. கண்மாய்ப் பாசன மாவட்டங்களுக்கோ அப்படி ஒரு சட்டமே இல்லை. தமிழ்நாட்டில் ஏரியும் கண்மாயுமாக சுமார் 39 ஆயிரம் இருக்கின்றன. 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் நீர்ப்பரப்பின் எல்லையை அளந்து ஆக்கிரமிப்பை அகற்றச் சொல்கிறது. கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் பட்டா நிலச் சரிவையும், கண்மாயிலிருந்து தண்ணீர் வாங்கும் ஆயக்கட்டையும் காப்பாற்றுவது வகைப்பாடு ஒன்றுதான். அதாவது நீங்கள் எழுதும் முழுமைத் திட்டம்தான். கரையும் மடையும் அப்படியே இருந்து, வரத்துக்காலில் தண்ணீர் வராமலும், திறந்துவிட வயல் இல்லாமலும் போனால் அந்தக் கண்மாய் யாருக்கு?

பெரிய நகரங்கள் என்ன ஆயின என்பதற்கு நான் தூரம் போக வேண்டியதில்லை. சென்னையில் நீண்டு கிடந்த பெரிய ஏரியை 1920-களில் வடித்துவிட்டுத்தான் தியாகராய நகர் எழுந்தது. அதன் தொடர்ச்சியான நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் இன்று வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. முகப்பேரில் வீட்டு வசதி வாரியக் குடியிருப்புக்குப் பெயரே ஏரித் திட்டம். வேளச்சேரியும் பள்ளிக்கரணையின் ஓரங்களும் 2015 டிசம்பரில் எப்படிக் கிடந்தன என்பதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அவை எல்லாம் திருட்டுத்தனமாக எழுந்த கட்டடங்கள் என்று சொல்லிவிட முடியாது. பலவும் திட்டம் போட்டு, அனுமதி கொடுத்துக் கட்டியவை. சென்னைக்கு அப்போது தெரியவில்லை என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். இப்போது சிறு நகரங்களுக்குத் திட்டம் எழுதுகிறவர்கள் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது.

எங்களுக்கு வீடு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஊர் நத்தம் (குடியிருப்பு நிலம்) நிறைந்து பல காலம் ஆகிவிட்டது. ஒரே ஓட்டு வீட்டை மூன்று அண்ணன் தம்பிகள் தடுப்பு வைத்துப் பிரித்துக்கொண்டு இருக்கிறார்கள். காலனியில் ஒரு வீட்டுக்குள் இரண்டு தலைமுறைக் குடும்பங்கள் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கின்றன. வீட்டுமனைப் பட்டா கேட்டு அவர்கள் கொடுத்த மனுக்கள் எத்தனையோ. பேருந்து நிலையம் விரிய வேண்டும், கல்லூரி வர வேண்டும், பிள்ளைகளுக்கு உள்ளூரில் வேலை தரும் தொழில் வர வேண்டும். விவசாயம் கட்டுப்படியாகாமல் நிலத்தை விற்கிறவரையும் நான் குறை சொல்ல மாட்டேன். மகள் கல்யாணத்துக்கோ மருத்துவச் செலவுக்கோ அவருக்கு இருக்கும் ஒரே வழி அது. தமிழ்நாட்டின் நிகர சாகுபடிப் பரப்பு 1970-களில் 60 லட்சம் ஹெக்டேருக்கு மேல் இருந்தது, இன்று 50 லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. அதற்கு மனைத் தொழில் மட்டும் காரணமில்லை. தண்ணீர், கூலி, விலை என்று பல காரணங்கள்.

ஆனால் வீடில்லாதவருக்காகத்தான் ஆயக்கட்டு மாறுகிறது என்று எங்களிடம் சொல்லாதீர்கள். எங்கள் பேரூராட்சியைச் சுற்றி ஒரு நடை போய் வாருங்கள். முன்பு அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவுகளில் கல் நட்ட இடம் கல் நட்டபடியே கிடக்கிறது. தார்ச்சாலை வெடித்து அதில் கருவேலம் முளைத்திருக்கிறது. பொது ஒதுக்கீடாக விட வேண்டிய 10 சதவீத இடம் பெரும்பாலும் எதற்கும் உதவாத பள்ளமான மூலையாகப் பார்த்து விட்டிருக்கிறார்கள். அந்த மனைகளை வாங்கி வைத்திருப்பவர்களுக்கு வேறு இடத்தில் வீடு இருக்கிறது. விலை ஏறக் காத்திருக்கிறார்கள். இவ்வளவு மனை காலியாக இருக்கும்போது காலனிக்காரருக்கு ஒன்றரை சென்ட் கிடைக்கவில்லை. புதிதாக ஏக்கர் கணக்கில் வகைப்பாடு மாற்றினாலும் அவருக்குக் கிடைக்கப் போவதில்லை. ஆகவே புதிய பகுதியைத் திறக்கும் முன், ஏற்கெனவே அங்கீகரித்த மனைகளில் எத்தனை நிரம்பியிருக்கின்றன என்று கணக்கெடுத்து அதைத் திட்ட அறிக்கையில் வெளியிடுங்கள். அதன்பிறகும் இடம் வேண்டும் என்றால், ஊருக்கு மேற்கே கல்லும் செம்மண்ணுமாக மேட்டு நிலம் இருக்கிறது. அங்கே தண்ணீர் தேங்காது. வாய்க்கால் கிடையாது. வண்டிப்பாதை இருக்கிறது, அகலப்படுத்தலாம். விலையும் குறைவு. அங்கே ஏன் போகவில்லை என்றால் நெடுஞ்சாலை இந்தப் பக்கம் இருக்கிறது என்பதுதான் பதிலாக இருக்கும். நெடுஞ்சாலையை ஒட்டியே வயல் இருப்பது வயலின் குற்றமில்லை.

கழிவுநீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் ஊரில் பாதாளச் சாக்கடை கிடையாது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கழிவுநீர்த் தொட்டி, ஒரு ஆழ்துளைக் கிணறு. சிறிய மனைகளில் இரண்டுக்கும் நடுவே பத்து, பதினைந்தடி இருந்தால் அதிகம். தொழிற்சாலைக்கு என்று வகைப்படுத்தும் இடத்தின் கழிவு எந்த ஓடையில் இறங்கும் என்று திட்டத்தில் ஒரு வரி இருக்கிறதா? இல்லையென்றால் அது எந்தக் கண்மாயில் போய் முடியும் என்று நாங்கள் சொல்கிறோம்.

ஆக, வரப்போகும் திட்டத்தில் ஆயக்கட்டு முழுவதையும், மடை முதல் கீழ்க் கண்மாய் வரை, ஒரே அலகாக வரையுங்கள். அதற்குள் தனி விண்ணப்பத்தின் பேரில் வகைப்பாடு மாற்றக் கூடாது என்று திட்ட விதியிலேயே எழுதுங்கள். மாற்றத்தான் வேண்டும் என்றால் அந்த அலகு முழுவதற்கும் நீரோட்ட ஆய்வு செய்து, மேல் வயலுக்கும் கீழ் வயலுக்கும் என்ன ஆகும் என்பதை வெளியிட்ட பிறகு மாற்றுங்கள். மாறப்போகும் புல எண்களை, ஊரில் வழங்கும் வயல் பெயரோடு, தமிழில், ஊராட்சி அலுவலகச் சுவரிலும் நியாய விலைக் கடையிலும் ஒட்டுங்கள். குத்தகைக்காரரும் கூலிக்காரரும் கொடுக்கும் ஆட்சேபத்தை, பட்டா எங்கே என்று கேட்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஆட்சேபத்துக்கும் ஏன் ஏற்றோம், ஏன் தள்ளினோம் என்று எழுத்தில் பதில் தாருங்கள். 'பரிசீலிக்கப்பட்டது' என்ற ஒற்றைச் சொல் போதாது.

உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கு: நீங்கள் எங்களிடம் ஓட்டுக் கேட்டு வந்தவர்கள். வரைவு உங்கள் மேசைக்கு வரும்போது அதை மன்றக் கூட்டத்தில் பத்தோடு பதினொன்றாகத் தீர்மானம் போட்டு அனுப்பிவிடாதீர்கள். பேரூராட்சியில் பகுதி சபை இருக்கிறது, ஊராட்சியில் கிராம சபை இருக்கிறது. அங்கே விரித்து வையுங்கள். கிராம சபையின் தீர்மானம் திட்டத்தைக் கட்டுப்படுத்தாது என்று ஒரு அதிகாரி சொல்லலாம். கட்டுப்படுத்தாவிட்டாலும் கோப்பில் அது இருக்கும். நாளைக்கு நீதிமன்றத்துக்குப் போக நேர்ந்தால் நாங்கள் சொன்னோம் என்பதற்கு அது ஒன்றே சான்று. ஊர்ப் பொது நிலங்களையும் நீர்நிலைகளையும் மீட்டு ஊராட்சிகளிடம் ஒப்படைக்க வேண்டும் என்று 2011-இல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. மீட்டெடுப்பதற்கு வழக்கு, நோட்டீஸ், புல்டோசர் என்று எத்தனை பாடு! வகைப்பாட்டை மாற்றாமல் விடுவதற்கு அதெல்லாம் வேண்டாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நவம்பர் 1 உள்ளாட்சி நாளன்று கிராம சபை கூடும். அது எங்களுக்கு மழைக்காலம். வரைபடத்தை அன்றைக்குக் கொண்டுவாருங்கள், வரைந்த அலுவலரும் கூட வரட்டும். கூட்டம் முடிந்து மறுநாள் காலையில் மடையிலிருந்து கீழ்க் கண்மாய் வரை எங்களோடு நடந்து வாருங்கள். நீர்ப்பாய்ச்சி முன்னால் நடந்து எந்த வரப்பில் தண்ணீர் இறங்குகிறது என்று காட்டுவார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடக்க வேண்டியிருக்கும். அந்த நடைக்குப் பிறகு எந்தப் புல எண்ணை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்று சேர்ந்து உட்கார்ந்து பேசலாம். அதுவரைக்கும் ஆயக்கட்டுக்குள் வரும் எந்த வகைப்பாடு மாற்ற விண்ணப்பத்துக்கும் அனுமதி தராமல் நிறுத்தி வையுங்கள்.

இப்படிக்கு,
கண்மாய்க்குக் கீழே குடியிருப்பவர்கள் சார்பாக,
ஊர்வாசி ஒருவன்